நைரோபி செல்வோர் கவனத்திற்கு

2019 ஜூன் 11, செவ்வாய்

காலை பத்தேகாலுக்குத் துறை மின்னஞ்சலைத் திறந்தேன். நைரோபியிலிருந்து இரண்டு கடிதங்கள். ஒன்று எனக்கு. கட்டுரை அனுப்பியதற்கு நன்றி, தரவுகள் பழையவை என்று மதிப்பீட்டாளர் கருதுவதால் இம்முறை ஏற்க இயலவில்லை. இன்னொன்று அழகுமீனாவுக்கு. ஏற்றுக்கொண்டோம், விமானச் சீட்டும் தங்குமிடமும் எங்கள் பொறுப்பு, ஜூலை 22 முதல் 25 வரை, வருக.

மாநாடு சீமைக் கருவேலத்தைப் பற்றியது. நம் கண்மாய்களை விழுங்கிய அதே முள்மரம் கென்யாவில் மேய்ச்சல் நிலங்களை விழுங்கிக்கொண்டிருக்கிறது. அருப்புக்கோட்டையிலிருந்து கமுதி வரை அந்த மரத்தைக் கண்மாய் கண்மாயாக நடந்து எண்ணியவன் நான். தொண்ணூற்றேழில் ஆரம்பித்தேன். காலில் தைத்த முள்ளையெல்லாம் சேர்த்து வைத்திருந்தால் கல்லூரிக்கே வேலி போட்டிருக்கலாம். அழகுமீனா எங்கள் தாவரவியல் துறையில் சேர்ந்து ஆறு வருடம். அவள் அப்பா கமுதிப் பக்கம் அதே மரத்தை வெட்டிக் கரிமூட்டம் போடுகிறவர். அவரையும் அவர் கூட்டாளிகளையும் உட்கார வைத்துப் பேச்சுக் கொடுத்து, இந்த மரம் ஒழிந்தால் யார் வீட்டு அடுப்பு அணையும் என்று எழுதியிருக்கிறாள். அது புதுத் தரவு. நான் பழையது.

எங்கள் கல்லூரியில் வெளிக் கடிதம் எதுவானாலும் துறைத் தலைவர் வழியாகத்தான் வரும், போகும். துறைத் தலைவர் நான். அவளிடம் சாயங்காலம் நாலு மணிக்குச் சொன்னேன். அதற்கு முன்னால் நேரம் கிடைக்கவில்லை.

ஜூன் 12, புதன்

முதல்வர் அறையில் கேசரியும் போண்டாவும். போட்டோ எடுத்தார்கள். நான் ஓரத்தில் நின்றேன்; பத்திரிகைக்கு அனுப்பும்போது ஓரத்தை வெட்டிவிடுவார்கள் என்று தெரியும். துறைத் தலைவருக்கும் இதில் பெருமைதானே என்று முதல்வர் கேட்டார். ஆமாம் என்றேன். இந்தம்மா முதல் தடவையாக விமானம் ஏறுகிறார், திருமேனிநாதன் சார் கூடவே இருந்து எல்லாம் சொல்லிக் கொடுப்பார் என்று அவரே என் தலையில் கட்டிவிட்டார்.

நான் மட்டும் என்ன, எத்தனை தடவை ஏறியிருக்கிறேன்? 2014இல் கொழும்பில் ஒரு கருத்தரங்கு என்று பாஸ்போர்ட் எடுத்தேன். கருத்தரங்கு ரத்தாகிவிட்டது. பாஸ்போர்ட் பீரோவில் இருக்கிறது, உள்ளே ஒரு முத்திரை இல்லாமல். வருகிற மே மாதம் எனக்கு ஓய்வு.

வீட்டில் தனபாக்கியத்திடம் சொன்னேன். அந்தப் பெண் நன்றாக இருக்கட்டும் என்றாள். இருபத்தொன்பது வருடம் குடும்பம் நடத்தியவள் சொல்கிற முதல் வார்த்தை அதுதான்.

ஜூன் 19, புதன்

பேராளர்களுக்கான தகவல் கையேடு வந்தது. முப்பத்தெட்டுப் பக்கம். நிறுவனத் தொடர்பாளர் இதைப் பேராளரிடம் சேர்ப்பிக்கவும் என்று மேலே போட்டிருந்தார்கள். தொடர்பாளர் நான்தான்.

மூன்றாம் பீரியட் ஓய்வில் ஆரம்பித்து முழுக்கப் படித்தேன். பிறகு இன்னொரு தடவை படித்தேன். போகிறவர்கள் யாரும் இவ்வளவு கவனமாகப் படித்திருக்க மாட்டார்கள். விமான நிலையத்திலிருந்து மாநாட்டு மண்டபத்துக்கு எந்தப் பக்கமாகப் போவது, எந்த நிறச் சட்டை போட்டவர்கள் வரவேற்க நிற்பார்கள், காலைச் சாப்பாடு எத்தனை மணி வரை, எல்லாம் எனக்கு மனப்பாடம். கண்ணை மூடினால் அந்த ஊரில் நடக்கிறேன்.

அழகுமீனா வந்து, அந்த மெயிலை அப்படியே தனக்குத் திருப்பி அனுப்ப முடியுமா என்று கேட்டாள். பெரிய கோப்பு, பாதி விளம்பரம், தேவையானதை நானே தமிழில் எழுதித் தருகிறேன் என்றேன். அவளுக்குச் சந்தோஷம். “நீங்க எழுதிக் குடுத்தா போதும் சார். எனக்கு வேற எதுவும் வேணாம்.”

ஜூன் 21, வெள்ளி

முழுத்தாளில் நாலு பக்கம் எழுதினேன். நன்றாகவே வந்திருக்கிறது. ஜூலை அங்கே குளிர்காலம், காலையில் பதினொரு பன்னிரண்டு டிகிரி, ஆப்பிரிக்கா என்றால் வெயில் என்று நினைத்துக் கைத்தறிப் புடவையோடு போய் இறங்கக் கூடாது. நம் நேரத்துக்கு இரண்டரை மணி பின்னால். சதுர முனை மூன்று உள்ள பிளக், இங்கிருந்தே மாற்றி வாங்கிப் போக வேண்டும். ஊர் கடல் மட்டத்திலிருந்து ஆயிரத்தெழுநூறு மீட்டர், முதல் நாள் படியேறினால் மூச்சு வாங்கும். குழாய்த் தண்ணீர் குடிக்கக் கூடாது. குஜராத்திகள் மூன்று தலைமுறையாக இருப்பதால் சைவச் சாப்பாட்டுக்குப் பஞ்சமில்லை. பாலித்தீன் பைக்கு அந்த நாட்டில் முழுத் தடை; நம் ஆட்கள் முறுக்கு, மாத்திரை, செருப்பு, பாஸ்போர்ட் எல்லாவற்றையும் கேரிபேக்கில் சுற்றித்தான் பயணம் போவார்கள், ஆகவே இதற்கு இரண்டு கோடு போட்டேன். நன்றி சொல்ல அசான்டே.

பக்கம் 31, உடல்நலம். கொசு, தண்ணீர் பற்றி எழுதிவிட்டேன். ஊசி விஷயம் ஒன்று இருந்தது. கென்யா சென்று இந்தியா திரும்புவோரிடம் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்று இருக்க வேண்டும், போட்டுப் பத்து நாள் கழிந்த பிறகே அது செல்லும், இல்லாதவரை விமான நிறுவனம் ஏற்ற மறுக்கலாம். மறுக்கலாம் என்றுதான் இருக்கிறது, மறுக்கும் என்று இல்லை. இந்த மாதிரி விஷயங்களை அரைகுறையாகச் சொல்லி ஒருத்தரைப் பயமுறுத்தக் கூடாது. உறுதி செய்துகொண்டு எழுதலாம் என்று விட்டேன்.

ஜூன் 24, திங்கள்

குறிப்பைக் கொடுத்தேன். நின்றபடியே நாலு பக்கத்தையும் படித்தாள். பாலித்தீன் பை இடத்தில் சிரித்தாள். எழுத்து அச்சுப் போல இருக்கிறது, பத்திரமாக வைத்துக்கொள்வேன் என்றாள். வேறு ஏதாவது விட்டுப்போயிருக்கிறதா என்று கேட்டாள். எனக்குத் தெரிந்து இல்லை என்றேன்.

அப்பாவைப் பற்றியும் சொன்னாள். கரிக்கு மரம் வெட்டி அவருக்கு ஒரு கண் போய்விட்டது. அவரைப் பற்றி மகள் வேறொரு நாட்டு மண்டபத்தில் நின்று பேசப் போகிறாள் என்பதை அவரால் இன்னும் நம்ப முடியவில்லையாம். தினமும் போன் செய்து, பயணம் உண்டுதானே, மாறாதே என்று கேட்கிறாராம். மாறாது என்று சொல்லச் சொன்னேன்.

ஜூன் 27, வியாழன்

மழை இல்லை. வாழைக்காய் பஜ்ஜி. ஊசி விஷயம் பார்க்கவில்லை.

ஜூலை 2, செவ்வாய்

உள்மதிப்பீட்டுத் தேர்வுத் தாள்கள் எழுபத்தாறு திருத்தினேன். ஒருவன் சீமைக் கருவேலத்தின் பயன்கள் என்ற கேள்விக்கு ‘நிழல்’ என்று மட்டும் எழுதியிருக்கிறான். ஒரு மார்க் போட்டேன். என்னைவிடத் தெளிவாகச் சொல்லியிருக்கிறான்.

அழகுமீனா ஸ்வெட்டர் வாங்கிவிட்டாள். ஆசிரியர் அறையில் போட்டுக் காட்டினாள், வெளியே முப்பத்தொன்பது டிகிரி வெயிலில். எல்லோருக்கும் ஒரே சிரிப்பு. என் குறிப்பை ஜெராக்ஸ் எடுத்து ஒன்றைக் கைப்பையிலும் ஒன்றை வீட்டிலும் வைத்திருக்கிறாளாம்.

இன்னும் நாள் இருக்கிறது. இவ்வளவு படித்தவள், தானே விசாரித்துத் தெரிந்துகொள்ள மாட்டாளா? எல்லாவற்றையும் ஊட்டியா விட முடியும்? அவரவர் பயணத்துக்கு அவரவர்தான் பொறுப்பு. இதை அந்தக் கையேட்டின் கடைசிப் பக்கத்திலேயே போட்டிருக்கிறார்கள்.

ஜூலை 5, வெள்ளி

நைரோபியிலிருந்து எனக்கு அழைப்பு வந்திருக்கிறது. முனைவர் அழகுமீனா தம் சொந்த மின்னஞ்சலில் எழுதிக் கேட்டுக்கொண்டதன் பேரில், உங்கள் இருபத்திரண்டு ஆண்டுக் கணக்கெடுப்பையும் அவருடைய ஆய்வையும் சேர்த்து ஒரே அமர்வாக வழங்க வேண்டுகிறோம், ஒருவர் வராததால் ஓர் இடம் காலியாக உள்ளது, அதே விமானத்தில் உங்களுக்கும் சீட்டு அனுப்புகிறோம். மூன்று தடவை படித்தேன். பீரோவிலிருந்து பாஸ்போர்ட்டை எடுத்துத் துடைத்தேன்.

அவளைக் கூப்பிட்டு எதற்கு இப்படிச் செய்தாய் என்று கேட்டேன். கோபமாகக் கேட்டதாக நினைத்துக்கொண்டாள் போலிருக்கிறது, முகம் வாடிவிட்டது.

“உங்க கணக்கு இல்லாம என் பேப்பருக்குக் காலே கிடையாது சார். உங்க எண்ணிக்கைய எடுத்துக்கிட்டு நான் மட்டும் போய் நின்னா, எங்கப்பாவே என்னைய ஏசுவார்.”

டீ வரவழைத்தேன். அப்போதே சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரை வந்தது. சொன்னால், இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்பாள். அவள் கேட்காவிட்டாலும் முதல்வர் கேட்பார். அதற்கு என்ன பதில்? டீயைக் குடித்துவிட்டு வகுப்புக்குப் போனாள்.

ஜூலை 6, சனி

தூத்துக்குடியில் துறைமுகத்தை ஒட்டிய சுகாதார அலுவலகத்துக்குப் போன் செய்தேன். கறாரான ஆள், ஆனால் விவரமாகச் சொன்னார். வாரத்தில் ஒரு நாள்தான் ஊசி, செவ்வாய்க்கிழமை. முன்கூட்டிப் பெயர் கொடுக்க வேண்டும். ஒன்பதாம் தேதி போட்டால் பத்தொன்பதாம் தேதியிலிருந்து செல்லும். இருபதாம் தேதிப் பயணத்துக்குச் சரியாக இருக்கும், அதை விட்டால் கிடையாது. விதியா ஆலோசனையா என்று கேட்டேன். அட்டை இல்லாமல் ஏற்றவே மாட்டார்கள் என்றார். ஆக, உறுதியாகிவிட்டது.

“எத்தனை பேர் சார், ஒருத்தரா ரெண்டு பேரா? ரெண்டுன்னாலும் இடம் இருக்கு, சொல்லுங்க, எழுதிக்கிறேன்.”

ஒருவர் என்றேன். பெயரைச் சொன்னேன்.

ஜூலை 8, திங்கள்

அழகுமீனா எனக்குச் சேர்த்து பிளக் வாங்கி வந்தாள். பிறகு எதிரே உட்கார்ந்து, நம் இரண்டு பகுதியையும் எப்படிப் பிரித்துப் பேசுவது என்று கேட்டாள். முதலில் சார் பேசுங்கள், நீங்கள்தான் மூத்தவர் என்றாள். ஒரு மணி நேரம் வேலை செய்தோம். என் கணக்குகளை அவள் வரைபடமாகப் போட்டிருக்கிறாள். கண்மாய் ஒவ்வொன்றும் வருடத்துக்கு வருடம் சிவப்பாகிக்கொண்டே வருகிறது. இருபத்திரண்டு வருட நடையை இரண்டு நிமிடத்தில் பார்த்தேன். அழகாக இருந்தது. இன்னொரு தடவை ஓட்டிக் காட்டச் சொன்னேன்.

எழுந்து போகும்போது, குறிப்பில் உள்ளது எல்லாம் வாங்கியாகிவிட்டது, வேறு ஏதாவது உண்டா சார் என்றாள்.

இல்லையம்மா என்றேன்.

நாளைக்குப் பல் வலி என்று விடுப்பு எழுதி அலுவலகத்தில் கொடுத்தேன்.

ஜூலை 9, செவ்வாய்

தூத்துக்குடி. காலை ஆறரைப் பேருந்து. வரிசையில் இருபது பேர், பாதி கப்பல்காரர்கள். மேல் கையில் ஊசி, வலி இல்லை. மஞ்சள் நிறத்தில் சின்ன அட்டை. பெயர், பாஸ்போர்ட் எண், தேதி, முத்திரை. அரை மணி நேரம் உட்கார வைத்து அனுப்பினார்கள். எனக்கு முன்னால் ஒரு கணவன் மனைவி. அந்தம்மா பயந்து கண்ணை மூடிக்கொண்டாள், அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

மக்ரூன் கால் கிலோ வாங்கினேன். பல் வலிக்காரன் மக்ரூனோடு திரும்பினால் நன்றாக இருக்காது என்று பேருந்து நிலையத்திலேயே ஒரு பிச்சைக்காரரிடம் கொடுத்துவிட்டேன்.

ஜூலை 10, புதன்

லேசாகக் காய்ச்சல். தனபாக்கியம் கையைப் பார்த்துவிட்டு என்ன என்றாள். வெளிநாடு போகிறவர்களுக்குப் போடுவது என்றேன்.

“அந்தப் பொண்ணுக்கும் போட்டாச்சா?”

“போட்டிருப்பா.”

“போட்டிருப்பான்னா? நீங்க ரெண்டு பேரும் சேர்ந்துதான போனீங்க?”

கஞ்சி ஆறுகிறது, எடு என்றேன். அவள் மேற்கொண்டு கேட்கவில்லை. ஆனால் நாள் முழுக்க என்னோடு பேசவும் இல்லை.

ஜூலை 11, வியாழன்

இனிமேல் சொல்லிப் பயனில்லை. தேதி தாண்டிவிட்டது. மனசில் ஒரு பாரம் இறங்கின மாதிரி இருக்கிறது.

ஜூலை 19, வெள்ளி

சென்னை. தங்கை வீட்டில் தங்கல். அழகுமீனாவும் அவள் வீட்டாரும் கமுதியிலிருந்து வேன் பிடித்து வந்து ஒரு லாட்ஜில் இருக்கிறார்கள். கணவர், குழந்தை, மாமியார், அப்பா, அப்பாவின் கரிமூட்டக் கூட்டாளிகள் மூன்று பேர், சொந்தக்காரர்கள் நாலு பேர். ஒருத்தி விமானம் ஏறப் பதினோரு பேர். அப்பாவிடம் போனைக் கொடுத்தாள். புள்ளைக்கு எல்லாம் எழுதிக் கொடுத்த சார் நீங்கதானா, நல்லா இருக்கணும் ஐயா என்றார். நீங்களும் என்றேன்.

ஒருவேளை கேட்க மாட்டார்கள். எத்தனையோ பேர் அப்படியே போய்விட்டு வருகிறார்கள். கேட்காவிட்டால் நல்லது. கடவுளே, கேட்காமல் விடட்டும்.

ஜூலை 20, சனி. விமானத்தில்

கேட்டார்கள்.

காலை ஏழு மணி. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பதினோரு பேரும் வரிசையாக நின்றார்கள். பெரியவர் புது வேட்டியில், போன கண்ணை மறைக்கும் கறுப்புக் கண்ணாடியோடு, கையை நெற்றிக்கு மேல் வைத்து உள்ளே பார்த்துக்கொண்டிருந்தார். கவுண்டரில் இருந்த பெண் எங்கள் இரண்டு பாஸ்போர்ட்டையும் வாங்கிக்கொண்டு, மஞ்சள் காய்ச்சல் அட்டை என்றாள். அழகுமீனா என்னைப் பார்த்தாள். பிறகு கைப்பையிலிருந்து என் நாலு பக்கத்தை எடுத்தாள். அந்த இடத்தில், பின்னால் வரிசை நிற்க, விரலை வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தாள். ஏதோ தான்தான் பார்க்காமல் விட்டுவிட்ட மாதிரி.

“சார், இதுல இது இல்லையே சார்.”

“விட்டுப்போயிருக்கும்மா.”

கவுண்டர் பெண் என்னிடமும் கேட்டாள். என்ன செய்வது? எடுத்துக் கொடுத்தேன். அழகுமீனா அந்த அட்டையைப் பார்த்தாள். கடைசி நேரத்தில் ஒரு டாக்டர் சொன்னார், உனக்கும் யாராவது சொல்லியிருப்பார்கள் என்று நினைத்தேன் என்றேன். அவள் கேட்காமலே சொன்னேன்.

மேலாளர் வந்தார். அழகுமீனா கெஞ்சவில்லை. எழுதிக் கொடுக்கிறேன், திரும்பி வந்து எத்தனை நாள் தனியாக வைத்தாலும் இருக்கிறேன் என்று இரண்டு தடவை சொல்லிப் பார்த்தாள். அவர் மரியாதையாகத்தான் மறுத்தார். பெட்டியைத் தராசிலிருந்து இறக்கினாள். பென்டிரைவை எடுத்து என் கையில் வைத்தாள்.

“பேப்பர் போகணும் சார். அப்பாவோட படம் ஏழாவது ஸ்லைடுல இருக்கு. அத மட்டும் வேகமாத் தள்ளிராதீங்க.”

குடியேற்ற வரிசைக்கு நேரமாகிவிட்டது. அவள் பெட்டியை உருட்டிக்கொண்டு கண்ணாடிக் கதவுப் பக்கம் போனாள். நான் திரும்பிப் பார்க்கவில்லை. எதிர்ப்பக்கம் போக வேண்டியிருந்தது.

ஜன்னல் இருக்கை. பக்கத்து இருக்கை காலி.

ஜூலை 21, ஞாயிறு. நைரோபி

குளிர் பதினொன்று. படியேறினால் மூச்சு வாங்குகிறது. வரவேற்பாளர்கள் பச்சைச் சட்டை. எல்லாம் கையேட்டில் உள்ளபடியே இருக்கிறது. விமான நிலையத்தில் இறங்கியபோது அந்த அட்டையை யாரும் கேட்கவில்லை. நீட்டினேன். வேண்டாம் என்று கையசைத்தார்கள்.

பதிவு மேசையில் இருந்த அம்மையார் உங்கள் சக பேராளர் எங்கே என்றார். சொன்னேன். அடடா, கையேட்டில் தெளிவாக எழுதியிருந்தோமே, அவருக்குக் கிடைக்கவில்லையா என்று வருத்தத்தோடு கேட்டார்.

கிடைத்தது என்றேன். அவருடைய பெயரட்டையை ஒரு டப்பாவில் போட்டார்.

ஜூலை 22, திங்கள்

அழகுமீனாவிடமிருந்து வாட்ஸ்அப்பில் இருபத்துமூன்று செய்திகள். நாளைக்கு நான் மேடையில் செய்ய வேண்டியவை. எந்த ஸ்லைடில் என்ன பேச வேண்டும், எந்த எண் திருத்தப்பட்டது, படம் திறக்காவிட்டால் எந்தக் கோப்பில் பிரதி இருக்கிறது, கென்யாவின் பாரிங்கோ பகுதியிலிருந்து வருகிற ஆய்வாளர் கரியைப் பற்றி என்ன கேட்பார், அதற்கு என்ன பதில், பதில் தெரியாவிட்டால் எப்படித் தப்பிப்பது. குளிருக்குத் தொண்டை கட்டும், முன்னாடியே வெந்நீர் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள் என்பது வரை.

சாயங்காலம் முழுவதும் அறையில் உட்கார்ந்து அந்த இருபத்துமூன்றையும் துருவினேன். எதை விட்டிருப்பாள்? எங்கே என்னைத் தடுக்கி விழ வைக்கப் போகிறாள்? ஒவ்வொரு எண்ணையும் என் குறிப்பேட்டோடு ஒப்பிட்டேன். ஒவ்வொரு கோப்பையும் திறந்து பார்த்தேன். சாப்பிடப் போகவில்லை.

ஜூலை 23, செவ்வாய்

பேசினேன். நாற்பது நிமிடம். வெந்நீர் வைத்திருந்தேன். பாரிங்கோ ஆய்வாளர் அவள் சொன்ன கேள்வியையேதான் கேட்டார், அவள் எழுதிய பதிலையேதான் சொன்னேன். ஏழாவது ஸ்லைடில் பெரியவர் கரிமூட்டத்தின் பக்கத்தில் குந்தியிருந்தார். நிறுத்தி நிறுத்தித்தான் தள்ளினேன். முடிந்ததும் நீண்ட நேரம் கைதட்டினார்கள். மூன்று பேர் வந்து என் முகவரி வாங்கிக்கொண்டார்கள்.

எதுவும் விட்டுப்போகவில்லை. ஒன்றுகூட. இருபத்துமூன்றும் சரியாக இருந்தன.

அறைக்கு வந்து குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். எதற்கு என்று எழுத வேண்டாம்.

ஜூலை 27, சனி

வந்து சேர்ந்தேன். சென்னையில் சுகாதார மேசையில் அட்டையைக் கேட்டார்கள், காட்டினேன், விட்டார்கள். தனபாக்கியம் சாப்பாடு போட்டாள். அந்த ஊர் எப்படி இருந்தது என்று கேட்கவில்லை. வாங்கி வந்த மணிமாலையை எடுத்துக் கொடுத்தேன். மேசைமேல் வைக்கச் சொன்னாள்.

ஜூலை 30, செவ்வாய்

முதல்வர் அறையில் கேசரி. போட்டோவில் இந்தத் தடவை நடுவில் நின்றேன்.

அழகுமீனாவைப் பற்றி ஆசிரியர் அறையில் ஒரு முடிவுக்கே வந்துவிட்டார்கள். அக்கறை இல்லாதவள், சார் அவ்வளவு எழுதிக் கொடுத்தும் ஊசி போடாமல் போய் நின்றிருக்கிறாள், கல்லூரிக்கே தலைகுனிவு என்று ஒருவர் என்னிடமே சொன்னார். அவள் அந்த நாலு பக்கத்தை யாரிடமும் காட்டவில்லை என்று அப்போதுதான் தெரிந்தது. நானும் திருத்தவில்லை.

பிற்பகல் மூன்று மணிக்கு அறைக்கு வந்தாள். துறையின் பயணக் கோப்புகளை வைத்திருப்பவள் அவள்தான். கல்லூரி நிர்வாகக் குழுவுக்கு என் ஆவணங்களின் நகல் அனுப்ப வேண்டும். ஜெராக்ஸ் எடுத்து வந்திருந்தாள். பாஸ்போர்ட் முத்திரைப் பக்கம், விமான அட்டை, பங்கேற்புச் சான்றிதழ். துறைத் தலைவர் ஒவ்வொன்றிலும் உண்மை நகல் என்று எழுதிக் கையெழுத்திட்டுச் சீல் வைக்க வேண்டும். மாணவர்களுக்கு ஆயிரம் தடவை செய்தது. பச்சை மைப் பேனாவை எடுத்துப் போட்டுக்கொண்டே வந்தேன். அப்பாவுக்கு உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டேன். இருக்கார் சார் என்றாள்.

கடைசித் தாள் ஊசி அட்டையின் நகல். அதை என் முன்னால் வைத்து, தேதி இருந்த கட்டத்துக்குப் பக்கத்தில் விரலை வைத்தாள். குரலை உயர்த்தவில்லை.

“ஒம்பதாம் தேதி. பல் வலின்னு லீவு போட்டிருந்தீங்க சார். அன்னைக்கு உங்க செகண்ட் இயர் க்ளாஸ நான்தான் எடுத்தேன். நீங்க சிரமப்படுவீங்கன்னு நானே கேட்டு வாங்கி எடுத்தேன்.”

பேனா என் கையில் இருந்தது. ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். தப்பு செய்துவிட்டேன் என்று சொல்லியிருக்கலாம், மன்னித்துக்கொள் என்று சொல்லியிருக்கலாம். இதையெல்லாம் இப்போது வீட்டில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

அவள் போகவில்லை. எதிரே நின்று காத்திருந்தாள்.

“கையெழுத்துப் போடுங்க சார்.”

உண்மை நகல் என்று எழுதினேன். பெயர் போட்டேன், தேதி போட்டேன், சீல் வைத்தேன். அவள் அதை எடுத்து, சரியாக விழுந்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, கோப்பில் வைத்துக்கொண்டு போனாள்.